பிரித்த பெட்டி



நம்ம மணப்பாறைச் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். மென்பொருள் வியாபாரம் நேர்மாறு. முதலில் காசு, நிபந்தனை பெட்டிக்குள்ளே!

அண்ணன் மகள் படிப்புக்காக ஒன்று வாங்கினேன். பிரித்தால், 'ஒரே கம்ப்யூட்டரில்தான் போடலாம். சம்மதமில்லையேல் வாங்கிய இடத்தில் கொடுத்துப் பணம் பெறவும்' என்று சீட்டு. திருச்சிக் கடைக்காரரோ, "பிரிச்சதை எடுக்க மாட்டோம் சார்" என்கிறார். பிரிக்காமல் எப்படிப் படிப்பதாம்?

1996-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், புரோசிடி வழக்கில், பெட்டிக்குள் இருக்கும் நிபந்தனையும் செல்லும் என்றது. படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதையும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னது. திருப்பவே முடியாதென்றால் சம்மதம் எங்கே இருக்கிறது? நம் உச்ச நீதிமன்றமும் 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில் (அது விற்பனை வரி விவகாரம்) பெட்டி மென்பொருளும் சரக்கே என்றது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கை, ரசீதில் கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறைகேடு. நிபந்தனை பிடிக்கலைன்னா? அந்தப் பிரிவு வாயே திறக்கவில்லை.

சீட்டு நகலும் ரசீது நகலும் வைத்துத் தயாரிப்பாளருக்கே விரைவுத் தபால் போட்டிருக்கிறேன். நம்மில் எவராவது பொறியியலை விட்டு வக்கீலாகியிருந்தால், சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடியுங்கள்!