இயங்க மறுக்கும் கணினி

புதிய மின்வழங்கியைப் பொருத்திய பின் மேசைக் கணினி இயங்க மறுக்குமாயின், புதுப்பெட்டியே பழுதென்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் குறை பெட்டியில் அன்று, இணைப்பிலேயே இருக்கும்.

பெட்டியின் பின்புறத்து ஆளி போடப்பட்டுள்ளதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். அடுத்து, தாய்ப்பலகையின் 24 முனை இணைப்பி இறுக அமர்ந்திருத்தல் அவசியம். பலர் மறப்பது, செயலிக்கு 12 வோல்ற்று வழங்கும் 4 அல்லது 8 முனை இணைப்பியையே. அது விடுபட்டால் விசிறி சுழலும். திரையோ இருண்டு கிடக்கும். அடுப்பெரிவதைக் கண்டு சோறு வெந்ததென்று கொள்ளலாமா?

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்தமுடியாத பிழையும் ஒன்றுண்டு. வடங்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மின்வழங்கிகளில், பெட்டிப்பக்க முனைகளின் ஒழுங்குக்குப் பொது நியமம் இல்லை. பழைய வடம் புதுப்பெட்டியிற் கச்சிதமாகப் பொருந்தலாம். ஆயினும் 5 வோல்ற்று செல்லவேண்டிய வழியில் 12 வோல்ற்று பாயக்கூடும். வன்தட்டும், அதிற் சேமித்த குடும்பப் படங்களும், கணக்குகளும் ஒரு கணத்தில் அழிந்துபோகலாம்.

கணினியின் மறுப்பு சிலவேளை எச்சரிக்கையே. குறுஞ்சுற்றைக் கண்ட மின்வழங்கி தானாகவே நின்றுவிடுவதுண்டு. எனவே, ஆளியை மீண்டும் மீண்டும் அழுத்தாது, மின்னைத் துண்டித்து, ஒவ்வொரு வடமும் புதுப்பெட்டியுடன் வந்ததுதானா எனச் சோதித்தலே முறை. மின்வழங்கியின் மூடியை மட்டும் திறத்தலாகாது. மின்னைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பழைய பெட்டியை அகற்றுவோர் அதன் வடங்களையும் உடன் அகற்றுவாராக.