விண்மீன் பட்டியலும் அச்சுப்பொறியும்



ஒரு படைப்பு எழுதி முடிந்த நாளும் அது பிறர் கைக்கு எட்டிய நாளும் வேறு வேறு என்பதை நூல் வெளியிட்ட நீங்கள் அறிவீர்கள். வானியலின் வளர்ச்சியை இந்த இடைவெளி கொண்டே அளக்கலாம்.

சமர்க்கண்டை ஆண்ட உலுக் பெக், 1437-இல் 1,018 விண்மீன்களின் இடங்களைக் குறித்துப் பட்டியல் கண்டார். 1449-இல் மகனின் ஏவலால் கொலையுண்டார். பட்டியல் ஆக்சுபோர்டில் அச்சேறியது 1665-இல். இடையே 228 ஆண்டுகள்! அதற்குள் அதனினும் நுட்பமான டைக்கோ பிராகியின் பட்டியல் அச்சில் உலவத் தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தின் முதல் அரச வானியலர் ஜான் பிளாம்ஸ்டீடின் கதை வேறு. பிழை களையாமல் எதையும் வெளியிட மாட்டேன் என்றார் அவர். நிலவின் இயக்கத்தைக் கணிக்க அவருடைய அளவைகள் நியூட்டனுக்கு உடனே தேவைப்பட்டன. 1712-இல் ஹாலியைப் பதிப்பாசிரியராக்கி, பிளாம்ஸ்டீடின் இசைவின்றியே 400 படிகள் அச்சிட்டனர். அவற்றுள் 300 படிகளைப் பின்னர்ப் போராடிப் பெற்ற பிளாம்ஸ்டீட், 1716-இல் தீக்கிரையாக்கினார். தம் கவிதையைச் சிதைத்து அச்சிட்டவர்மீது சினந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். தீ மூட்டியவர் எவருமிலர் என நம்புகிறேன். என் நெஞ்சம் பிளாம்ஸ்டீடின் பக்கமே. எனினும் உலுக் பெக்கின் பட்டியலுக்கு நேர்ந்ததை எண்ணும்போது, நியூட்டனின் அவசரத்தை முற்றும் பழிக்க இயலவில்லை.

1719-இல் பிளாம்ஸ்டீட் மறைந்தார். பணி நிற்கவில்லை. அவர் விரும்பிய திருந்திய பதிப்பை, உதவியாளர்களின் துணையோடு 1725-இல் மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்தவர் அவருடைய மனைவி மார்கரெட். ஏறத்தாழ 3,000 விண்மீன்கள் அதில் இடம்பெற்றன. நியூட்டனோடு நடந்த பூசலைப் பேசுவோர் அந்த அம்மையாரை அரிதாகவே நினைக்கின்றனர்.

பின்னர் எண்ணிக்கை விரைந்து பெருகியது. நம் சென்னை வான்காணகத்தில் டெய்லர் அளந்த 11,015 விண்மீன்களின் பட்டியல் 1844-இல் வந்தது. 1918 முதல் 1924 வரை வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 2,25,300 விண்மீன்கள். அவற்றை வகைப்படுத்தியவர் ஆனி ஜம்ப் கேனன் என்னும் பெண்மணி.

கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத்தொகுதி 2022-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள். அதனைத் தாளில் அச்சிட எவரும் முனையவில்லை. கணினியுள்ள எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். ஆண்டுக்கணக்கில் அத்தரவைப் பதப்படுத்திய அறிஞர்களுக்குக்கூட ஆய்வில் முன்னுரிமைக் காலம் வழங்கப்படவில்லை. எல்லார்க்கும் ஒரே நாளில் திறந்துவிட்டனர்.