இரண்டாம் முறை தொட்டார்

பெத்சாய்தாவில் ஆண்டவர் தொட்டதும், பார்வையற்றவருக்கு மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிந்தார்கள். ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை, மறுபடி கைவைத்தார்.

வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, எழுத்துக்கூட்டத் திணறினால் நாம் ‘மக்கு’ என்கிறோம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அறிவுக் குறைவன்று; 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதைச் சேர்த்திருக்கிறது. முதலில் கண், காது பரிசோதியுங்கள். பிறகு தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம். சொல்வதை எழுதுபவரையும் கேட்கலாம். பத்தாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம்.

சான்று வாங்கினால் முத்திரை விழுமே என்று தாய்மார் தயங்குகிறார்கள். ‘மக்கு’ என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டதே, அம்மா! அறிவொளிக் காலத்தில் பெண்கள் சைக்கிளேறிப் போய்ப் படித்த மாவட்டம் இது. நாளைக்கே பள்ளிக்குப் போங்கள். பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துப்போங்கள்.