பாடப்புத்தகமா, பூச்சி மாத்திரையா?



குற்றாலச் சாரலில் நனைந்து வந்திருக்கிறீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நம் சங்கம் தென்காசி வட்டாரப் பள்ளிகளுக்கு உதவப் போகிறது. அதற்கு முன் ஒரு சேதி.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் புசியா மாவட்டம். 1990-களில் பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமர் குழுவினர் சில பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் பலன். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. காரணம் என்ன தெரியுமா? புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி!

1998 முதல் 75 பள்ளிகளில் படிப்படியாகக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பது கால் பங்கு குறைந்தது. மதிப்பெண் மட்டும் இதிலும் ஏறவில்லை. ஒவ்வொரு உதவிக்கும் பலன் வேறு. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். கிரெமர் 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நாமும் இந்த வருஷம் பாதிப் பள்ளி, அடுத்த வருஷம் மீதி என்று கொடுப்போம். வருகைப் பதிவேட்டை ஒப்பிடும் வேலையை மாணவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பம்ப் மாட்டிவிட்டு, தண்ணி ஏறுதான்னு பார்க்காமல் எந்த என்ஜினீயராவது வீட்டுக்குப் போவானா?