அரைக்கம்பக் கொடி

(திருவந்திபுரத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேவநாதப் பெருமான் சந்நிதிக்கு அணித்தாய், கெடிலக் கரையிற் கூடிய இவ்வவையில் ‘அரைக்கம்பக் கொடி’ பற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தனர். பணித்த காரணம் நீவிர் அறிந்ததே. சுதந்திரத் திருநாளுக்கு முந்திய இரவில் நம் சங்கத்து முதியவர் ஒருவர் காலமானார். மறுநாட் காலையில் நம் இளைஞர் சங்கக் கட்டடத்தில் தேசியக் கொடியை ஏற்றித் துயர மிகுதியால் அதனைப் பாதிக் கம்பத்திற் கட்டினர். பெரியோர் சிலர் தடுத்தனர். “நம் ஐயாவுக்கு இம்மதிப்பும் இல்லையோ?” என்று இளைஞர் வினவினர். சொல் தடித்தது. அன்று பிணங்கியவருட் சிலர் இன்றும் ஒரே பந்தியில் அமர்கின்றிலர். ஒருவரையும் குறை கூறுதல் எம் கருத்தன்று. அவ்வினாவிற்கு விடை காண்போம்.

துயரத்தைக் கண்ணுக்குப் புலனாகும் குறியால் ஊர்க்கு உணர்த்துதல் நம்மவர்க்குப் புதிதன்று. இழவு நேர்ந்த வீட்டு வாயிலிற் கோலம் இல்லை. அவ்வாண்டு பண்டிகை இல்லை. வழிச்செல்வோன் கோலமற்ற வாயிலைக் கண்டமாத்திரத்தே குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். வீரன் மாய்ந்தவிடத்து நடுகல் நாட்டியதும், புலவர் ‘கையறுநிலை’ என்னும் துறையிற் பாடியதும் இவ்வகையினவே. ஆயினும் கொடியைப் பாதிக்கு இறக்கித் துயர் உணர்த்தும் முறை கடல்வழி வந்ததாகும். 1612-ஆம் ஆண்டிற் கிரீன்லாந்துக் கரையில் தலைவனை இழந்த ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ என்னும் ஆங்கிலக் கப்பல் தன் கொடியைத் தாழ்த்திச் சென்றமையை இதற்குப் பழஞ்சான்றாகக் கூறுவர். கொடிக்கு மேலே ஒழிந்த இடம் கூற்றுவனது காணாக் கொடிக்கு விட்ட இடம் என விளக்குவாரும் உளர். நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியாரும் கப்பலேறி வந்தவரே. அவரனையோர் வாயிலாக இவ்வழக்கம் நம் நாடு புகுந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

தாழாக் கொடிகளும் உள. இத்தலத்திற் பிரம்மோற்சவத்துக்கு ஏறும் கருடக்கொடி உற்சவ நிறைவைக் குறித்து இறங்குவது. சவுதி அரேபிய நாட்டார், தம் சமய உறுதிமொழி கொடியில் எழுதப்பட்டிருத்தலின், அரசர் இறப்பினும் அதனைத் தாழ்த்துவதில்லை. எனவே கொடி எதைக் குறிக்கின்றதோ அதற்கேற்பவே அதன் முறையும் அமைகின்றது என்பது பெறப்படும்.

இனி நம் நாட்டு விதியைக் காண்போம். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதம மந்திரி ஆகியோர் இறப்பின் நாடு முழுதும் கொடி தாழும். மாநில ஆளுநரோ முதலமைச்சரோ இறப்பின் அம்மாநிலம் முழுதும் தாழும். அவ்விதித்தொகுப்பிற் குறிக்கப்பெறாதார்க்கு அரசாங்கம் தனியே ஆணை பிறப்பிக்கும். தாழ்த்துமிடத்தும் ஒரு முறை உண்டு. கொடியை முதலில் உச்சிவரை ஏற்றிப் பின்னரே பாதிக்கு இறக்கவேண்டும். மாலையில் இறக்குமுன்னும் மீண்டும் உச்சிக்கு ஏற்றவேண்டும். துயரிலும் அதன் உயர்வு மறக்கப்படலாகாது என்பதே இதன் குறிப்புப் போலும்.

மற்றொரு விதி நமக்கு மிக இன்றியமையாதது. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், ஏப்ரல் 6 முதல் 13 வரையுள்ள தேசிய வாரம் ஆகிய காலங்களில் துக்கநாள் நேரினும் கொடி தாழாது. இறந்தவரது உடல் கிடக்கும் கட்டடத்தில் மட்டும் தாழும். உடலை எடுத்தபின் அங்கும் உயரும். அரசாங்க ஆணையின்றித் தேசியக் கொடியை அரைக்கம்பத்திற் பறக்கவிடுதல் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடிக்குச் செய்யும் அவமதிப்பாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டமும் உண்டு.

2018 ஆகஸ்ட் மாதத்தை நினைவு கூர்மின். 7-ஆம் தேதி கலைஞர் கருணாநிதி மறைந்தார். தமிழ்நாட்டில் ஏழுநாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. 15-ஆம் தேதி கொடி உச்சியிற் பறந்தது. 16-ஆம் தேதி வாஜ்பாய் மறைந்தார். நாடு முழுதும் மீண்டும் ஏழுநாள் துக்கம். இடைப்பட்ட அந்நாள் நாட்டின் மகிழ்ச்சி நாளாய் நின்றது. எத்துணைப் பெரியோர்க்கும் விதி இதுவாயின், நம் ஐயாவுக்கு அன்று தாழாமை மதிப்புக் குறைவு ஆகாது. தேசியக் கொடி எல்லாக் குலத்தார்க்கும் பொது. ஒரு குலம் தன் துயரத்திற்கு அதனைத் தானே தாழ்த்த உரிமையுடையதன்று. அரசாங்கப் பதவி ஏதும் வகியாத காந்தியடிகள் 1948 ஜனவரி 30-இல் மறைந்தபோது ஐக்கிய நாட்டுச் சபையும் தன் கொடியைத் தாழ்த்தியது. அப்பெருமை அவர்தம் குலத்தார் கேட்டுப் பெற்றதன்று.

ஆதலின் தடுத்த பெரியோர் விதியறிந்தவர். தாழ்த்திய இளைஞர் அன்புடையவர். அவ்வன்பிற்கு இடம் எங்கே எனின், நம் சங்கக் கொடி இருக்கின்றது. அதனைத் தாழ்த்த எச்சட்டமும் தடையன்று. அன்று அதனை ஒருவரும் நினைந்திலேம்; எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்.

ஈண்டு ஒன்று கேட்க விழைகின்றோம். சென்ற கார்காலத்தில் வயல் வேலை செய்கையில் நம்மவரான கூலித்தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். அவர்க்கு எக்கொடியும் தாழவில்லை. எவரும் வாதாடவும் இல்லை. இறந்த தாய்மார் ஒருவர்க்கேனும் நம் கட்டடத்திற் கொடி தாழ்ந்ததுண்டோ? செல்வர்க்கே தாழும் கொடி துயரத்தின் குறியாகாது. அது செல்வத்திற்குச் செய்யும் வணக்கமேயாகும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடலூர்க் கரையை அழித்து, இம்மாவட்டத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டது. அவ்வலை குலமும் பொருளும் வினவவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் தேவனாம்பட்டினத்துக் கடலிற் பால் ஊற்றி அழும் தாய்மார், மாண்டார் அனைவர்க்கும் ஒருசேர அழுகின்றனர். நாம் பின்பற்றத்தக்கது அம்முறையே.

ஆகவே யாம் விண்ணப்பிப்பது இது: நம் சங்கத்தாருள் செல்வர் வறியர், ஆடவர் பெண்டிர் என்னும் வேறுபாடின்றி யார் இறப்பினும் சங்கக் கொடி ஒருநாள் தாழ்க. நம் தெருவிற் பிற குலத்தார் இறப்பினும் அங்ஙனமே தாழ்க. தேசியக் கொடியை அரசாங்க ஆணைப்படியே தாழ்த்துவோம். இதனைத் தீர்மானமாக ஏற்குமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம். இன்று கூட்டம் முடிந்தபின் உணவு உண்டு. பிணங்கிய இருசாராரும் ஒரே பந்தியில் அமர்வாராயின், மறைந்த ஐயாவுக்கு அதனினும் சிறந்த வணக்கம் பிறிதில்லை.