தொண்டும் திட்டமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சமய நிறுவனங்கள் செய்யும் தொண்டுக்குத் திட்டம் எதற்கு, நல்லெண்ணம் போதாதா என்று வினவுவோர் உண்டு. நம் வரலாறே விடை கூறும். பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் நம் குழந்தைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சபையில் ஆள் சேர்ப்பதற்கன்று, கல்விக்கே என்று நோக்கம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஒரு பள்ளி சில பள்ளிகளாயிற்று. 1907இல் அவர் மறைந்த பின்னும் பணி தொடர்ந்தது.

ஆகவே கோயில், திருச்சபை, விகாரை எதன் சார்பில் மாலை வகுப்புத் தொடங்கினும் மூன்றை முதலில் எழுதி வைப்போமாக: நம் தெருவில் பள்ளி செல்லாத குழந்தைகள் எத்தனை பேர்? ஓராண்டில் அவர்களை எந்நிலைக்கு உயர்த்துவோம்? அதற்குரிய பொருளும் ஆளும் எங்கிருந்து வரும்? ஆண்டிறுதியில் அதே ஏட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே மதிப்பீடு.

பதிவு பெற்ற சங்கங்கள் கணக்கைத் தணிக்கை செய்தல் வேண்டுமெனத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 விதிக்கிறது. தணிக்கை, ரூபாய் சென்ற வழியைக் காட்டும். படிப்பை இடையில் நிறுத்திய சிறுமி சென்ற வழியைக் காட்டாது. அதனை அவள் தாயிடம்தான் கேட்டறிதல் வேண்டும். நெடுங்காலம் நமக்குக் கொடுத்தவர்களே கொடையின் பயனையும் தீர்மானித்தனர். இனிப் பெற்றவர் சொல்லும் ஏட்டில் ஏறட்டும்.

அடுத்த ஆண்டு விழாவில், வரவு செலவு அறிக்கையோடு அந்த ஏடும் மேடைக்கு வருமாறு செய்வோம்.