நடுவுல ஒரு 5 கிலோமீட்டர்

இன்னைக்குப் பேசப் போறது சென்னையோட பறக்கும் ரயிலைப் பத்தி. சரியா சொன்னா, அந்த ரயில் பல வருஷம் போய்ச் சேராத ஒரு இடத்தைப் பத்தி.

2019ல எங்க டீம்ல ஒரு பொண்ணு புதுசா சேர்ந்தா. படிச்சு முடிச்ச கையோட முதல் வேலை. ஆபீஸ் தரமணி, வீடு சிங்கப்பெருமாள் கோவில். தரமணியில ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் வேளச்சேரி. லைன் அங்கயே முடிஞ்சிடும். செங்கல்பட்டு போற எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க அவ பரங்கிமலை போகணும். நடுவுல கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். பஸ், இல்லன்னா ஷேர் ஆட்டோ.

காலையில எப்படியோ சமாளிச்சிடுவா. ராத்திரி எட்டரைக்கு மேலதான் கஷ்டம். தாம்பரத்துக்கு அடிக்கடி வண்டி இருக்கு, செங்கல்பட்டுக்கு அவ்வளவு கிடையாது. ஷேர் ஆட்டோ ஆள் சேரட்டும்னு பத்து நிமிஷம் நின்னா, அங்க ஒரு வண்டி போயிருக்கும். அடுத்ததைப் பிடிச்சு ஊர் போய் இறங்கும்போது மணி பதினொண்ணைத் தொட்டுடும். அவங்க அப்பா ஸ்டேஷன் வாசல்ல பைக்கோட நின்னுட்டிருப்பார். நாலு மாசம் பார்த்தா. வேலைய விட்டுட்டா.

"அவளுக்கு செட் ஆகல"ன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நானும் தலையாட்டினேன். அதுதான் இன்னைக்கும் உறுத்துது. வேலையில அவ கெட்டிக்காரி. செட் ஆகாதது அந்த 5 கிலோமீட்டர்.

அந்த இடைவெளி எப்படி வந்தது? பறக்கும் ரயில் முதல்ல 1995ல பீச்சுல இருந்து சேப்பாக்கம் வரைக்கும் ஓடுச்சு. 1997ல மயிலாப்பூர். வேளச்சேரிக்கு வர 2007 ஆச்சு. அங்கிருந்து பரங்கிமலைக்கு நீட்டிக்கிற வேலை 2008ல ஆரம்பிச்சது. பெரும்பகுதிக்குத் தூண் எழும்பிடுச்சு. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுக்கிறதுதான் கோர்ட், கேஸ்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. வீட்டை இழக்கிறவங்க நியாயமான இழப்பீடு கேட்கிறது தப்பே இல்ல. ஆனா அந்த ரயிலுக்காகக் காத்திருந்தவங்க எந்தக் கேஸ்லயும் ஒரு தரப்பா இல்ல. அவங்க செலவு எந்தக் கணக்குலயும் வரல.

இன்னொரு விஷயம். மாம்பலம் ஸ்டேஷன்ல படி இறங்கினா நேரா ரங்கநாதன் தெரு. பீச்–தாம்பரம் லைன்ல 1931லயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. அந்த ஸ்டேஷன்களைச் சுத்திக் கடையும் வீடும் ஊரும் வளர்ந்துச்சு. பறக்கும் ரயில் கதை வேற. அதோட பாதை பெரும்பாலும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகுது. அங்க அரசு நிலம் இருந்தது, செலவும் குறைவு. அதனால பல ஸ்டேஷன்கள் மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி நிக்குது. கட்டடம் என்னமோ பிரம்மாண்டம், உள்ள போனா ஆள் இருக்க மாட்டாங்க.

நான் தினமும் இறங்கின ஒரு ஸ்டேஷன்ல ராத்திரி மாடிப்படியில பாதி லைட் எரியாது. ஃபோன் டார்ச்சைப் போட்டுட்டுதான் இறங்குவேன். ரயில்ல கூட்டமா வந்தவங்க வாசல்ல தனித்தனியா ஆயிடுவோம். டிக்கெட் என்னமோ 5 ரூபாதான். ஆனா இருட்டுக்குப் பயந்து ஆட்டோ பிடிச்சா 100 ரூபா காலி. அப்போ அது மலிவான பயணமா?

பரங்கிமலை வரைக்கும் ரயில் ஓடினாலும் இந்தக் கேள்வி தீராது. ரயில் பயணம் வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு ஆபீஸ் வாசல்ல முடியுது. தண்டவாளம் அதுல ஒரு பகுதிதான். ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வெளிச்சமும் நடைபாதையும் இருக்கான்னு பார்க்கிறதும் ரயில் வேலைதான்.

கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல டீம் லீடா இருக்கிறவங்களும் இருப்பீங்க. அடுத்த தடவை ஆறு மணிக்கு மேல மீட்டிங் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உனக்கு எத்தனை மணி வண்டி?" 2019ல அந்தக் கேள்வியை நான் கேட்கல.

உங்க ஸ்டேஷன் கதையை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா வீடு போய்ச் சேருங்க.